கியோத்தோவில் செருப்புக் காவல்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கோயில் வாசலில் செருப்பு தொலைந்தது கிடையாது. இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்கிறவர்கள் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குள் ஒருமுறை போய் வரட்டும். புதுச் செருப்போடு போய் வெறுங்காலோடு திரும்பியவர்கள் உண்டு. இடதுகாலில் தன்னுடையதும் வலதுகாலில் யாருடையதோ ஒன்றுமாக விழுப்புரம் பஸ் ஏறியவர்கள் உண்டு. நாங்கள் மட்டும் போட்டுப் போனதைப் போட்டபடியே வீடு வந்து சேர்ந்தோம். காரணம், திண்டிவனத்துப் பெரியம்மா.

என் அம்மாவுக்கு அக்கா. வளவனூரில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வேன் எந்தக் கோயில் முன்னால் நின்றாலும் முதலில் இறங்குவாள். நிழலாக ஓர் இடம் பார்ப்பாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் அந்த வாக்கியம் வரும்.

"நீங்க போங்க. செருப்ப நான் பாத்துக்கறேன்."

நாங்கள் விட்டுப்போன செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பாள். ஏன் இப்படித் திருப்புகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமி கும்ட்டுட்டு வர்றவன் மனசு ஒரு மாதிரி இருக்கும்டா. அந்நேரத்துல குனிஞ்சி நிமிந்து தேடிக்கினா இருப்பான்? வந்தமா, கால வுட்டமா, போனமான்னு இருக்கணும்."

பக்கத்தில் விட்டுப்போகும் வெளியாட்களின் செருப்பும் தானாக அவள் பொறுப்பில் வந்துவிடும். மலையனூரில் ஓர் ஆள் அவளைச் செருப்புக் கடைக்காரம்மா என்றே முடிவு செய்து, "டோக்கன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"மூஞ்சிதான் டோக்கன். போய்ட்டு வாங்க."

அவர் திரும்பி வந்தபோது கேட்காமலே அவருடைய ஜோடியை எடுத்து நீட்டினாள். அந்த ஆள் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, பெரியம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கோயில் என்றில்லை, கல்யாண மண்டபமும் அப்படித்தான். என் கல்யாண ஆல்பத்தில் பெரியம்மா இருக்கிற படம் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை அழைப்பில் நான் காரிலிருந்து இறங்குகிறேன், எனக்குப் பின்னால் செருப்பு மலை, மலைக்குப் பின்னால் பெரியம்மா. இருவரில் அவள்தான் நிம்மதியாக இருக்கிறாள்.

உள்ளே வரச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருப்பாள். முட்டி வலி. கூட்டம். "போன வாரந்தான் பாத்தேன், அதுக்குள்ள அவரு இன்னா மாறியா பூட்டாரு?" போன வாரமும் வெளியேதான் உட்கார்ந்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். நான் கல்லூரியில் படிக்கும்போது பெரியப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து இறந்துபோனார். அதற்கு முன்னால் இவள் கோயிலுக்குள் போவாளா மாட்டாளா என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. செருப்பு பத்திரமாக இருந்தவரை நாங்கள் யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ள முயற்சி செய்ததும் இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, வழங்குகிற பெயர் 'பேஜாரு'. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று கூட்டேரிப்பட்டு வரை போன வண்டியை விழுப்புரத்துக்குத் திருப்பியவன் நான். அன்று வீட்டில் சிலிண்டரே தீர்ந்துபோயிருந்தது. லிஃப்ட் ஒரு நொடி தாமதித்து நின்றால் என் வாயிலிருந்து குலதெய்வங்கள் வரிசையாக வரும். இப்படிப்பட்டவனைத்தான் பெரியம்மாவுக்குத் துணையாக ஜப்பானுக்கு அனுப்பினார்கள்.

பெரியம்மாவின் ஒரே மகள், என் தங்கச்சி, ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அம்மாவைக் கூட்டிப்போய்ப் பத்து நாள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அம்மா தனியாக விமானம் ஏற மாட்டாள் என்று கூடவே என்னையும் சேர்த்துக்கொண்டாள். சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது என் பாஸ்போர்ட்டைக் காணோம். சட்டை, பேன்ட், பை எல்லாவற்றையும் தட்டித் தடவி, பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, என் உள்ளாடைகளை உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா குனிந்து என் வாயிலிருந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கினாள். கை இரண்டும் வேலையாக இருந்ததால் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

"இவன எனக்குத் தொணையா அனுப்பிச்சாங்களா, என்ன இவனுக்குத் தொணையா அனுப்பிச்சாங்களான்னு தெரிலியே" என்றாள், பின்னால் நின்ற அம்மாளிடம்.

ஒசாகாவில் தங்கச்சிக்கு வார நாளெல்லாம் ஆபீஸ். கியோத்தோவுக்கு எங்களை ரயிலேற்றிவிட வந்தவள் பிளாட்பாரத்தில் என்னைத் தனியே இழுத்தாள்.

"அண்ணா, அங்க தெருவுக்குத் தெரு கோயிலு, தோட்டம். அம்மாவ ஒண்ணே ஒண்ணுலயாவது உள்ள கூட்டிக்கினு போய்க் காட்டிடுண்ணா. ஏழு கடல் தாண்டி வந்து செருப்பப் பாத்துட்டுப் போச்சுன்னா எனக்கு மனசு ஆறாது."

"இது ஒரு விஷயமா? நான் பாத்துக்கறேன்" என்றேன். தைரியமாகச் சொல்வதில் எனக்கு எப்போதுமே பிரச்சினை இருந்ததில்லை.

முதலில் போனது ஒரு பெரிய மரக்கோயில். ஒவ்வொரு தூணும் நம்மூர்த் தேர்ச் சக்கரம் அகலம். வாசலில் செருப்பு வைக்க மர அலமாரி. அதைப் பார்த்ததுமே நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று. பெரியம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நீ போ. செருப்ப நான் பாத்துக்கறேன்."

"பெரிம்மா, இது ஜப்பான். இங்க எவனும் எடுக்க மாட்டான்."

"மலையனூர்லயும் எவனும் எடுக்க மாட்டேன்னுதான் சொல்லுவான்."

நான் உள்ளே போய்ப் புத்தரைப் பார்த்துவிட்டு வந்தேன். புத்தர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், என் மனநிலையில் அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. வெளியே வந்தால், அலமாரியில் வைக்காமல் கல்படியில் விட்டுப்போன அத்தனை ஷூக்களையும் பெரியம்மா வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். வரிசையின் அந்தக் கோடியில் கோயில் பணியாளர் ஒரு பெரியவர், நீல மேலங்கி, அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் ஒரு ஜோடி திருப்பினார், இவள் ஒரு ஜோடி திருப்பினாள். நடுவில் இருவரும் சந்தித்தபோது அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பெரியம்மா எழுந்து கும்பிட்டுவிட்டு, இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை, எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பாத்தியா? வெவரம் தெரிஞ்ச ஊரு" என்றாள் என்னிடம். "செருப்பு எந்தப் பக்கம் பாக்கணும்னு இந்த மனுசனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல பாரு."

தோட்டங்களுக்குத் தடையில்லாமல் வந்தாள், அங்கே செருப்பைக் கழற்ற வேண்டாம் என்பதால். பார்வை மட்டும் அவளுடையதுதான். மரத்தடியெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் பாசி. உலகமே வந்து படமெடுக்கிற பாசி.

"இவ்ளோ பாசி புடிச்சிக் கெடக்குதே, பிளீச்சிங் பவுடர் போட ஆளில்லியா?"

குளத்தில் ஆளுயர மீன்கள் சிவப்பும் வெள்ளையுமாக நீந்தின. "இது பெருசாவுற வரிக்கும் வுட்டு வச்சிருக்கானுங்களே" என்று வெகுநேரம் வியந்தாள். எனக்கு மட்டும் ஒன்றும் ஓடவில்லை. மணி ஆகிக்கொண்டிருந்தது, தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

கடைசியாகப் போன கோயில்தான் நான் நம்பியிருந்தது. கல் தோட்டம் இருக்கிற கோயில். அங்கே செருப்பை வெளியே விடமுடியாது. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொடுக்கிறார்கள், அதில் போட்டுக் கையோடு எடுத்துப்போக வேண்டும். காவல் காக்கச் செருப்பே இல்லாத வாசல். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரியம்மா கையில் கொடுத்த பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"செருப்ப எடுத்துக்கினு சாமிகிட்டப் போவணுமா? அடப் பாவிங்களா, இது எந்த ஊரு நாயம்?"

"இங்க அதான் வழக்கம் பெரிம்மா."

"இருக்கட்டும். எனக்கு இல்ல." நுழைவாசல் ஓரத்துப் பலகைப் படியில் உட்கார்ந்தாள். தன் செருப்பு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ போய்ட்டு வா. நான் என்னுத பாத்துக்கறேன்."

தோற்றவனின் நடை ஒன்று இருக்கிறது, அதை நடந்து உள்ளே போனேன். கல் தோட்டத்தின் முன்னால் நின்று நான்கு படம் எடுத்தேன். தங்கச்சிக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி பின்பக்கத் தாழ்வாரமாக ஒரு சுற்று சுற்றி வாசலுக்கு வந்தேன். படி காலியாக இருந்தது.

ஒருவன் பயப்படுவதற்கும் நான் பயப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. நல்ல மனிதன் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பான். நான் முதலில் தங்கச்சியிடம் சொல்லப்போகும் வசனத்தைத் தயார் செய்தேன். அடுத்து, பெரியம்மாவின் ஜப்பானிய வாழ்க்கை கண்முன் ஓடியது. மொழி தெரியாமல், பாசி சுரண்டிப் பிழைத்துக்கொண்டு. அதற்கப்புறம்தான் ஓடவே ஆரம்பித்தேன். கழிப்பறை வாசல், டிக்கெட் கொடுக்குமிடம், குளக்கரை, வெளி கேட். கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று "பெரிம்மா!" என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன். கியோத்தோ அப்படியொரு சத்தத்தைக் கேட்டிருக்காது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் அப்படியே நின்று எனக்கு வழிவிட்டது. அவர்கள் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். கையில் ஷூ பை, காலில் சாக்ஸ் மட்டும், இடது பெருவிரல் ஓட்டை வழியாக ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் ஓடிவந்து போனில் பெரியம்மா படத்தைக் காட்டினேன். என் போனில் இருந்தது ஒரே படம், மயிலம் முருகன் கோயில் வாசலில் எடுத்தது. முன்னால் செருப்புக் குவியல், பின்னால் பெரியம்மா. விரலால் தட்டித் தட்டி, "மிஸ்ஸிங்! மிஸ்ஸிங்!" என்றேன். அந்தப் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். முகத்தில் மிகுந்த அனுதாபம். உள்ளே ஓடிப்போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். யார் யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்புகள்.

அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவள் ஒரு குழந்தையின் சிவப்பு ஷூவை எடுத்து இதுவா என்று என்னிடம் நீட்டியதால் அழுகை பாதியில் நின்றது.

ஓரிடம்தான் மிச்சம். அங்கே தேடவே இல்லை. தேடத் தோன்றவும் இல்லை. என் வயதுக்கு நான் பார்த்த அத்தனை கோயிலிலும் பெரியம்மா வெளியேதான் இருந்திருக்கிறாள். உள்ளே என்பது அவளைத் தேடுகிற இடமே இல்லை.

கல் தோட்டத்து முன் தாழ்வாரத்தில் ஜனங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சப்பணம் போட்டு, மடியில் செருப்புப் பை, முந்தானையில் மல்லாட்டைத் தோல், பெரியம்மா.

"எங்கடா பூட்ட?" என்றாள். "ஒன்னத் தேடிக்கினுதான் உள்ள வந்தேன். அப்பறம் இதப் பாத்தனா, குந்திட்டேன்."

எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் இடம் காட்டினாள். உட்கார்ந்தேன். எதிரே வெள்ளைச் சரளை மண், அதில் பல் வைத்த வாரியால் இழுத்த நீள நீளக் கோடுகள், அங்கங்கே சில பாறைகள்.

"களத்துல நெல்லு காயவச்சிக் காலால ஓட்டி வுட்ட மாதிரியே கீதுல்ல?" என்றாள். "வளவனூர்ல எங்கப்பா இப்படித்தான் கோடு போடுவாரு. நான்தான் காவலு. கோழி வந்தா சூன்னணும்." கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்க கோழிகூட இல்ல. ரொம்ப நல்லாருக்குது."

"அப்பறம் ஏன் பெரிம்மா நம்மூர்ல உள்ளயே வர மாட்டேங்கற?" பயம் வடிந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்.

மல்லாட்டை ஒன்றை உடைத்து எனக்குக் கொடுத்தாள். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க பெரியப்பா ஆஸ்பத்திரில கெடக்கும்போது ஒரே ஒரு வாட்டி முருகன்கிட்ட கேட்டேன்டா. அதுக்கு முன்னாடி ஒண்ணும் கேட்டதில்ல. அவரால குடுக்க முடில. அப்பறம் நான் போய் எதிர்ல நின்னா அவருக்கு சங்கட்டமா இருக்காது? மூஞ்ச எங்க வச்சிப்பாரு? அதான் வெளியவே இருந்துக்கினேன்."

 மல்லாட்டையை மென்றேன்.

"இங்க எதிர்ல யாரும் இல்ல பாரு" என்றாள். "கேக்கறதுக்கும் இல்ல, குடுக்கறதுக்கும் இல்ல. சும்மா ஒக்காந்து போவலாம்."

கோயில் மூடுகிற நேரம் வரை உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து ஷூவை மாட்டும்போது அந்த டிக்கெட் பெண் வந்து என் காலில் ஷூ இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் குனிந்து வணங்கினாள்.

"அது ஏன் ஒனக்கு மட்டும் தனியா கும்புடுது?" என்றாள் பெரியம்மா.

"தெரிஞ்ச பொண்ணு" என்றேன்.

ஊருக்கு வந்த அடுத்த கிருத்திகைக்கு மயிலம் போகலாம் என்று அவளே போன் செய்தாள். விழுப்புரத்திலிருந்து நான் போய்ச் சேர, கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் எனக்கு முன்பே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மலை மேல் போய் வழக்கமான நிழலுக்கு நான் நடந்தேன். திரும்பினால் ஆளைக் காணோம். சரி, ஆரம்பித்துவிட்டது என்று மறுபடி ஓடத் தயாரானேன். கோயில் வாசலில் காவலாளியின் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா, செருப்ப கக்கத்துல வச்சிக்கினு உள்ள வர்ற?"

"பையிலதாங்க போட்டிருக்கேன். ஜப்பான்ல எல்லாம் இப்படித்தாங்க."

"இது மயிலம்மா!"

கியோத்தோ பை. மடித்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாள். நான் ஓடிப்போனதும் அதை என் கையில் திணித்தாள்.

"நீ பாத்துக்க. நான் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வர்றேன்."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். செருப்புக் காவல் எவ்வளவு கொடுமையான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. யார் குனிந்தாலும் திருடனாகத் தெரிந்தான். தன் செருப்பையே எடுத்துக்கொண்ட ஒருவரிடம் "இது உங்களுதா?" என்று மூன்று முறை கேட்டுத் திட்டு வாங்கினேன். வெகுநேரம் கழித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள்.

"இன்னா பெரிம்மா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. எப்படிக் கீறன்னேன்." நான் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்த செருப்பில் நேராகக் காலை விட்டாள். "பரவால்ல, நல்லாத்தான் கீறாரு."

அதற்கப்புறம் எல்லாக் கோயிலுக்கும் உள்ளே போனாளா என்றால், இல்லை. மலையனூரில் மறுபடியும் வெளியேதான். "இந்தக் கூட்டத்துல ஒன்ன நம்பி வுட்டுட்டுப் போனா அத்தன பேரும் வெறுங்காலோடதான் வூட்டுக்குப் போவணும்" என்றாள். ஆனால் மயிலத்துக்கு மட்டும் போவாள், போய் விசாரித்துவிட்டு வருவாள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டாள். யாருக்கும் சிரமம் வைக்கவில்லை. தங்கச்சி ஒசாகாவிலிருந்து வந்து பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாள். அன்று திண்டிவனத்து வீட்டு வாசலில் செருப்பு மலை. கண்டபடி கிடந்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, திசைக்கு ஒன்றாக. நான் குனிந்து திருப்பி வைக்க ஆரம்பித்தேன்.

தங்கச்சி வெளியே வந்தாள். "உள்ள வாண்ணா. படத்துக்குப் பூப் போடணும். எல்லாரும் போட்டாச்சி, நீதான் பாக்கி."

படத்தை வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது. என் கல்யாண ஆல்பத்துப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள்.

"நீ போம்மா" என்றேன். "செருப்ப நான் பாத்துக்கறேன்."

 அவள் உள்ளே போனாள்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் குனியாமல், தேடாமல், காலை விட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் செருப்பும் மாறவில்லை. எல்லாரும் போன பிறகு எழுந்து பார்த்தேன். எங்கள் குடும்ப வரலாற்றில் முதல் முறையாக ஒரு ஜோடி தொலைந்திருந்தது. என்னுடையது.